தூக்குவதற்கு முன்னால்

என் வலது உள்ளங்கையில் ஒரு பட்டையைச் சுற்றி, அதில் ரப்பர் நுனி வைத்த குச்சி ஒன்றைச் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குச்சியால் கைபேசித் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு இதை எழுதுகிறேன். விரல்கள் வேலை செய்யாது. மணிக்கட்டை மேலே தூக்க முடியும். இறக்க முடியாது, அதுவாக விழ வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு வரி வருகிறது. நோயிலிருந்து குணமானவர்கள் எழுதியதை மருத்துவமனையில் கிடந்தபோது நிறையப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் குணமாகவில்லை, ஆகப்போவதும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. போன மாதம் வரை அதைச் சொல்ல முடியாமல் இருந்தது.

என் பெயர் கோமதி. வயது நாற்பத்தொன்று. மலேசியாவில், சுங்கை வேயில் ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பக்கத்திலேயே உள்ள மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். சர்க்யூட் போர்டுகளை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, ஈயப்பற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கணவர் சரவணன் கிள்ளான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் யாழினிக்கு அப்போது பத்து வயது, மகன் கவினுக்கு ஆறு.

யாழினி ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் அந்த டிராம்போலின் பூங்காவுக்குப் போய் வந்துவிட்டார்கள். பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை, சரவணனுக்கும் எனக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைத்தது. போனோம்.

ஒரு பேரங்காடியின் மேல் மாடி முழுவதையும் அதற்காக எடுத்திருந்தார்கள். உள்ளே நுழையும் இடத்தில் ஒரு தட்டைத் திரையில் படிவம். நான்கு கட்டங்களில் சரி போட வேண்டும். நான் எதையும் படிக்கவில்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். பிறகு ஆளுக்கு ஒரு ஜோடி ஆரஞ்சு நிற சாக்ஸ் கொடுத்தார்கள், வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்தது. பாதுகாப்பு வீடியோ ஓடியது. தலைகுப்புறக் குதிக்கக் கூடாது, ஒரே கட்டத்தில் இரண்டு பேர் நிற்கக் கூடாது. வீடியோவில் வந்த பாட்டுக்குக் கவின் ஆடினான். நாங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரவணனுக்கு முழங்கால் வலி. பைகளை வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் கவினைச் சின்னப் பிள்ளைகள் பக்கம் விட்டுவிட்டு யாழினிக்காக நின்றேன்.

"அம்மா, நீங்களும் வாங்க. சும்மா நிக்கிறீங்க."

"எனக்கு எதுக்குடி?"

"டிக்கெட் எடுத்தாச்சு லா, அம்மா!"

ஏறினேன். முதல் இரண்டு குதியில் பயமாக இருந்தது. மூன்றாவதில் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர நான் எதற்கும் ஓடியதில்லை. காற்றில் எழும்பும்போது வயிற்றுக்குள் என்னவோ கழன்று லேசாகியது. முடி அவிழ்ந்துவிட்டது, கட்டவில்லை. சரவணன் கைபேசியை எடுத்து என்னைப் படம் பிடித்தார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி இன்றைக்கும் நான் கெட்டதாக எதுவும் சொல்ல மாட்டேன்.

பூங்காவின் கடைசியில் ஸ்பாஞ்சுக் குழி. நீளமான ஒரு டிராம்போலினில் ஓடி வந்து, கடைசியில் எம்பி, ஸ்பாஞ்சுக் கட்டிகள் நிறைந்த குழிக்குள் விழ வேண்டும். யாழினி மூன்று தடவை குதித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரே ஒரு தடவை அம்மா. அப்பா வீடியோ எடுப்பாரு."

ஓடினேன். கடைசி அடியில் என் இடது கால் டிராம்போலினின் ஓர மெத்தையில் பட்டது. உடம்பு முன்னால் கவிழ்ந்தது. தலை முதலில் உள்ளே போனது. ஸ்பாஞ்சு அந்த இடத்தில் ஒதுங்கிப்போய்க் குறைவாக இருந்ததா, நான் விழுந்த விதம் அப்படியா, தெரியாது. உச்சந்தலை கெட்டியான எதிலோ மோதியது.

இரண்டு தோள்களிலிருந்தும் விரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்தது போல் இருந்தது. முகம் ஸ்பாஞ்சுக்குள் புதைந்திருந்தது. வாயைத் திறந்தால் தூசியும் பழைய வியர்வை நாற்றமும்தான் உள்ளே வந்தது. கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. கால் இருக்கிறதா என்று நானே சோதித்துப் பார்த்தேன். வலது கால் கட்டை விரலை ஆட்டினேன். ஆடியது. சாக்ஸுக்குள் விரல் உரசுவது தெரிந்தது. சரி, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன்.

அதற்குள் சரவணனின் குரல் கேட்டது. "கோமதி! கோமதி, எழுந்திரு!" அவர் குழிக்குள் இறங்கி, கட்டிகளை விலக்கிக்கொண்டு வந்து, என் இரண்டு அக்குள்களிலும் கை கொடுத்துத் தூக்கினார். தலை பின்னால் சாய்ந்தது. கழுத்துக்குள் ஏதோ நகர்ந்தது. எனக்கு வலிக்கவில்லை. அவர் கை என் அக்குளில் இருப்பது தெரியவில்லை. கால் தெரியவில்லை. மேலே விளக்குகள் மட்டும் தெரிந்தன.

"ஏங்க, கீழ வைங்க," என்று சொன்னேன். அப்படிச் சொன்னதாகத்தான் நினைக்கிறேன். குரல் வந்ததா என்று தெரியாது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கழுத்தில் கெட்டியான பட்டை போட்டு, பலகையில் கட்டி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் என் சட்டையைக் கத்தரியால் வெட்டினார்கள். கத்தரி போகும் சத்தம் கேட்டது, உடம்பில் அது படுவது தெரியவில்லை. பிறகு மண்டையின் இரண்டு பக்கமும், காதுக்குச் சற்று மேலே, இரும்புக் கொக்கி ஒன்றைத் திருகிப் பொருத்தி, அதிலிருந்து கட்டிலுக்குப் பின்னால் எடைக் கற்களைத் தொங்கவிட்டார்கள். நகர்ந்த எலும்பை இழுத்து இடத்துக்குக் கொண்டுவருவதற்கு. என் உடம்பில் எனக்கு வலித்த கடைசி இடம் அதுதான் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கியவர் டாக்டர் பிரவீணா. முப்பது வயதுகூட இருக்காது. தூக்கமில்லாத கண்கள். எம்ஆர்ஐ படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார், என்னால் தலையைத் திருப்ப முடியாதே.

"கழுத்துல ஏழு எலும்பு இருக்கு அக்கா, ஒண்ணு மேல ஒண்ணு. உங்களுக்கு அஞ்சாவது எலும்பு ஆறாவது மேல வழுக்கிப் போயிருக்கு. அதுக்கு நடுவுலதான் தண்டுவடம் போகுது. சுண்டுவிரல் தடிமன்தான், சோயா தவ்ஹூ மாதிரி மெத்துனு இருக்கும். மூளை சொல்றது எல்லாம் அது வழியாத்தான் கை காலுக்குப் போகணும். அது நசுங்கிடுச்சு."

"ஒட்ட வைக்க முடியாதா, டாக்டர்?" சரவணன் கேட்டார்.

"எலும்பை பிளேட், ஸ்க்ரூ வச்சு நிறுத்தலாம், அண்ணே. நரம்பை ஒட்ட முடியாது."

அவர் கோப்பைத் திறந்தார். பேனாவை எடுத்தார்.

"அக்கா, நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. விழுந்த உடனே, உங்கள வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி, கை கால் அசைஞ்சுச்சா? ஏதாவது உணர்வு இருந்துச்சா?"

சரவணன் கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர் அதே சட்டையில் இருந்தார். நான் கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"இல்ல டாக்டர்," என்றேன். "விழுந்த செகண்டே ஒண்ணும் தெரியல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் எழுதிக்கொண்டார். என் கோப்பில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும்.

சரவணன் அன்று வெளியே போய் நீண்ட நேரம் கழித்து வந்தார். முகம் கழுவியிருந்தார். அவருக்கு நிம்மதியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு நான் அந்தப் பொய்யிலிருந்து நகரவே இல்லை. என் பக்கத்துப் படுக்கைக்காரியிடம்கூடச் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த பிறகு காத்திருப்பு தொடங்கியது. அடிபட்ட தண்டுவடம் சில வாரங்கள் மொத்தமாக மயங்கிக் கிடக்குமாம். அந்த மயக்கம் தெளியும் வரை எது திரும்பும், எது திரும்பாது என்று சொல்ல முடியாது. அதனால் எல்லோரும் காத்திருந்தோம். தினமும் காலையில் யாராவது ஒரு டாக்டர் வந்து ஊசி முனையால் என்னைத் தொட்டுச் சோதிப்பார். கண்ணை மூடிக்கொண்டு, குத்துகிறதா, மழுங்கலாகப் படுகிறதா என்று சொல்ல வேண்டும். நெஞ்சுக்கு மேலே சரியாகச் சொல்வேன். அதற்குக் கீழே போனதும் நான் ஊகிக்க ஆரம்பித்தேன். அவர் மூச்சு விடும் சத்தத்தை வைத்து, கட்டில் அசைவதை வைத்து, "இப்ப தொட்டீங்க, இடது முட்டி" என்பேன். இரண்டு தடவை சரியாக இருந்தது. மூன்றாவது தடவை டாக்டர் பிரவீணா மெதுவாகச் சொன்னார், "அக்கா, நான் இப்ப தொடவே இல்ல."

ஆசனவாய்க்கு அருகில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் முக்கியமான சோதனை. அங்கே துளி உணர்வு இருந்தாலும் நம்பிக்கை உண்டு என்று சொன்னார்கள். ஆறு வாரம் பார்த்தார்கள். இல்லை. "முழுமையான காயம்" என்று அதற்குப் பெயர். எதுவும் கீழே இறங்காது, எதுவும் மேலே ஏறாது.

வார்டில் நான் கற்றுக்கொண்டது எனக்கு எதெல்லாம் முடியாது என்பதைத்தான். இருமக்கூட முடியாது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் செத்துவிட்டன, மூச்சு வயிற்றால்தான் போய் வருகிறது. சளி கட்டினால் யாராவது என் விலாவுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்து, நான் இருமும் நேரம் பார்த்து அமுக்க வேண்டும். சரவணன் அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். "ஒண்ணு, ரெண்டு, இரும்பு," என்பார். இருமு என்பதற்குப் பதிலாக இரும்பு என்று அவர் வாயில் வரும். மிஸிகள் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தாதிகளை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம்.

சரவணனின் அக்கா, மாலா அண்ணி, கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயில் ஏறி வருவார். கையில் விரால் மீன் சூப். அறுவைக் காயம் ஆறுவதற்கு அதை விட்டால் மருந்தே இல்லை என்று இங்கே எல்லா இனத்தாரும் நம்புகிறோம். கரண்டி கரண்டியாக ஊட்டுவார். எனக்கும் அண்ணிக்கும் அதற்கு முன்னால் பெரிய ஒட்டுதல் கிடையாது. எங்கள் கல்யாணத்தில் ஏற்பட்ட ஒரு மனத்தாங்கல் பதிமூன்று வருடமாக அப்படியே இருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு நாள் என் தலையில் பேன் வந்துவிட்டது. அண்ணி மூன்று மணி நேரம் கட்டிலுக்குப் பின்னால் நின்றுகொண்டே சீப்பால் எடுத்தார்.

"மொட்டை அடிச்சிருங்க அண்ணி," என்றேன்.

"வாய மூடு. முடி ஒண்ணுதான் அப்படியே இருக்கு. அதையும் எடுக்கணுமா?"

பக்கத்துப் படுக்கையில் சல்மா என்ற மலாய்ப் பெண் இருந்தாள். மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது, கைகள் நன்றாக இருந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால் நேரே என் கட்டிலுக்கு உருட்டிக்கொண்டு வருவாள், தண்ணீர்க் குழலை என் வாயில் வைப்பாள், கைபேசியிலிருந்து எதையாவது படித்துக் காட்டுவாள். எனக்கு அழுகை வந்தால், "சாபார் லா, கோமதி," என்பாள். பொறுமையாக இரு என்று அர்த்தம். அவள் கணவன் முதல் மூன்று வாரம் வந்தான். நான்காவது வாரம் வரவில்லை. மிஸிகள் போன் செய்தார்கள், எடுக்கவில்லை. அதற்குப் பிறகு சரவணன் வரத் தாமதமாகும் ஒவ்வொரு சாயங்காலமும் நான் வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். அவர் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. சாலை நெரிசல், லோரி பழுது, எப்படியோ வந்துவிடுவார். ஏன் வருகிறார், பாசமா, அந்தக் குழியில் நடந்ததா என்று எனக்குள் ஒரு கேள்வி. கேட்க முடியாது. கேட்டால் பொய் உடைந்துவிடும்.

தெரிந்தவர்கள் பலர் வழக்குப் போடச் சொன்னார்கள். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர்கள் ஒரு வழக்கறிஞரையே அழைத்து வந்தார்கள். அடிபட்டால் பூங்கா பொறுப்பில்லை என்ற அந்தப் படிவத்தில் சரி போட்டிருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று அவர் சொன்னார். விழுந்தது எப்படி, யார் முதலில் தொட்டது, எப்படி வெளியே எடுத்தார்கள் என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். சரவணன் எழுந்து, "வேணாம் சார். எங்களுக்குச் சண்டை போடத் தெம்பில்ல," என்று முடித்துவிட்டார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஏன் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளை வார்டுக்குள் விட்டது ஐந்தாவது வாரம். கவின் கட்டிலின் பொத்தான்களை அமுக்கி என்னை மேலும் கீழும் தூக்கி விளையாடினான். யாழினி கால்மாட்டிலேயே நின்றாள். அவள் மெலிந்திருந்தாள். பள்ளியில் யாரிடமும் பேசுவதில்லை என்று அண்ணி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"கிட்ட வாடி," என்றேன்.

வந்தாள். என் தோளுக்கு அருகில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"நான் கூப்பிடலன்னா நீங்க குதிச்சிருக்க மாட்டீங்கதானே?"

"குதிச்சிருப்பேன்."

"பொய் சொல்றீங்க."

"இல்லம்மா. எனக்கே ஆசையா இருந்துச்சு. நீ கூப்பிடணும்னுதான் அங்க நின்னுக்கிட்டு இருந்தேன்."

அது சத்தியமான உண்மை. அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து என் முடியை அவள்தான் பின்னுகிறாள். பள்ளிக்குப் போவதற்கு முன்னால், பேசாமல், இறுக்கமாகப் பின்னுவாள்.

ஏழு வாரத்துக்குப் பிறகு மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். நான்கு மாதம் அங்கே இருந்தேன். பெரிய ஜன்னல்கள், மரங்கள், நல்ல மனிதர்கள். உட்கார வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிடுவேன். ஒரு சாய்வுப் பலகையில் கட்டி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்கள். நாலாவது மாதம் ஒரு காலையில் என் வலது மணிக்கட்டு மேலே எழும்பியது. பிசியோ கொடுத்த பெண் கை தட்டினாள். சரவணனுக்கு வீடியோ அனுப்பினாள். அவர் லோரியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் செய்தார். நாங்கள் எல்லோரும் அது ஆரம்பம் என்று நினைத்தோம். இரண்டு வாரம் கழித்து இடது மணிக்கட்டும் எழும்பியது. அதோடு நின்றுவிட்டது. ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை. இனி வராது என்று போன பரிசோதனையில் டாக்டர் சொல்லிவிட்டார். நல்லவர், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்த நாளில் நான்கு ஆண்கள் என்னை நாற்காலியோடு மூன்று மாடி தூக்கினார்கள். எங்கள் அடுக்குமாடியில் லிப்டு பாதி நாள் ஓடாது. அதன் பிறகு பரிசோதனைக்குப் போவதைத் தவிர நான் கீழே இறங்கியதில்லை. சரவணன் கண்டெய்னர் வேலையை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்டுகிறார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய குழாயை உள்ளே விட்டு என் சிறுநீரை எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்னைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அவர் இல்லாத நேரத்தில் அண்ணி அல்லது யாழினி. என் மலத்தை என் கணவர் எடுக்கிறார். இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இல்லை. கூச்சம் எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. எனக்கு வேர்க்காது, வெயில் நாளில் உடம்பு உலை போலக் கொதிக்கும், ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டால் ரத்த அழுத்தம் தலைக்கேறும், மண்டை வெடிப்பது போல் வலிக்கும். உடனே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு தடவை அப்படி ஆயிற்று.

சல்மா எட்டாவது மாதம் இறந்துபோனாள். படுக்கைப் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்துக்குள் போய்விட்டது. அவள் தங்கை செய்தி அனுப்பினாள். அவளைத் திருப்பிப் போட வீட்டில் ஆள் இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது இது. யாராவது கழுத்து மடங்கி விழுந்தால் தூக்காதீர்கள். மூச்சுக்கு மட்டும் வழி செய்துவிட்டு, தலை ஆடாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை இருங்கள். கட்டின மனைவியாக இருந்தாலும், பெற்ற பிள்ளையாக இருந்தாலும். தூக்கியதால்தான் எனக்கு இப்படி ஆனதா என்று நான் பிறகு தனியாக டாக்டர் பிரவீணாவிடம் கேட்டேன், வேறு யாருக்கோ நடந்தது போல. "சொல்ல முடியாது அக்கா. வீக்கத்தாலயே அப்படி ஆகியிருக்கலாம். தூக்குனதால ஆகியிருக்கலாம்," என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று தோன்றியது. கோப்பைத் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் கிள்ளானில் அண்ணி வீட்டில் இருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து, வெளியே மழை. சரவணன் என் கால்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மூட்டுகள் இறுகிப்போகாமல் இருக்க, ஒவ்வொரு காலையும் முட்டியில் மடக்கி நீட்ட வேண்டும், இருபது தடவை. வலது காலை முடித்து, இடது காலில் பாதியில் நிறுத்தினார்.

"கோமதி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அன்னைக்கு அந்தக் குழியில... நான் தூக்குறதுக்கு முன்னாடி... உனக்குக் கால் தெரிஞ்சுச்சா?"

"அதான் டாக்டர்கிட்டயே சொன்னேனே. விழுந்த உடனே ஒண்ணும் தெரியல."

அவர் என் காலை மெத்தையில் வைத்தார். போர்வையை இழுத்து அதன் மேல் போட்டார்.

"ஆடுச்சு," என்றார். "நான் பார்த்தேன். உன் முகமெல்லாம் உள்ள இருந்துச்சு, கால் மட்டும்தான் வெளிய தெரிஞ்சுச்சு. வலது கால். சாக்ஸுக்குள்ள கட்டை விரல் ரெண்டு தடவ ஆடுச்சு. கால் ஆடுதே, அப்ப ஒண்ணும் ஆகலன்னு நினைச்சுத்தான் புடிச்சுத் தூக்குனேன்."

போர்வைக்குக் கீழே கால் இருந்த மேட்டைப் பார்த்தேன்.

"அப்ப ஏன் இவ்ளோ நாளா சொல்லல?"

"நீ டாக்டர்கிட்ட இல்லன்னு சொன்ன. என்னைப் பார்த்துட்டுத்தான் சொன்ன. எனக்காக ஒரு பொய் சொன்ன. அத நான் எப்படிம்மா உடைக்கிறது?"

"எனக்கு மூச்சு முட்டுச்சுங்க. நீங்க தூக்கலன்னா..."

"செத்துருப்பியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டாவது பொய் வரவில்லை.

"தெரியலங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் வயிற்றின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் அழுவது முதுகு குலுங்குவதில்தான் தெரிந்தது. வலது கையைத் தோளிலிருந்து இழுத்து, மணிக்கட்டைத் தூக்கி, அவர் தலைக்கு மேல் கொண்டுபோனேன். அது கனமாக விழுந்தது. அவருக்கு வலித்திருக்கும். அவர் நகரவில்லை. அவர் முடி என் விரல்களுக்கு நடுவில் இருந்ததைப் பார்த்தேன்.

பிறகு அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். போர்வையை விலக்கினார். இடது காலைக் கையில் எடுத்தார்.

"எத்தன ஆச்சு?" என்று கேட்டார்.

"பத்து."

"பதினொண்ணு," என்றார். "பன்னெண்டு."

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் எண்ணுவதை வைத்துத்தான் என் கால் மடங்குகிறது என்று எனக்குத் தெரியும்.